விரலுக்கேற்ற விசை



நாள்தோறும் நம் கை பழகும் பொருள்களுள் சிலவற்றை நாம் ஒருபோதும் ஊன்றி நோக்குவதில்லை. கணினியின் விசைப்பலகை அவற்றுள் ஒன்று. அதில் ஆங்கில எழுத்துகள் நெடுங்கணக்கு வரிசையில் அமைந்திருக்கவில்லை. மேல் வரிசை க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டீ, ஒய் என்று தொடங்குகிறது. ஏன் இவ்வாறு இருக்கிறது என்று வகுப்பில் வினவினால், "அது அப்படித்தான், ஐயா" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் நான் மிகுதியாகக் கேட்ட விடை அதுதான். மிகக் குறைவாக மதித்த விடையும் அதுதான். மனிதர் செய்த பொருள் எதுவும் தானாகவே 'அப்படி' அமைந்துவிடுவதில்லை. ஒருவர், ஒரு காலத்தில், ஒரு தேவையை எண்ணி அதனை அவ்வாறு அமைத்தார். அந்தத் தேவை இன்றும் உளதா, அது என்னுடைய தேவையும் ஆகுமா என்று வினவத் தொடங்கும்போதே கல்வி தொடங்குகிறது. இன்று அவ்வினாவை நாம் விசைப்பலகையை நோக்கி எழுப்பிப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டில் மில்வாக்கி என்னும் நகரில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்ற பத்திரிகையாளர் வாழ்ந்தார். அவரும் அவருடைய நண்பர் இருவரும் 1868ஆம் ஆண்டில் ஒரு தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். அந்த முதற்பொறியின் விசைகள் பியானோவின் கட்டைகளைப் போல அமைந்திருந்தன. பின்னர் ஷோல்ஸ் அதனைப் பலமுறை திருத்தினார். 1874ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் இன்று காணும் எழுத்து வரிசை ஏறத்தாழ அந்தக் காலத்தில் உருவானதேயாகும்.

இவ்வரிசைக்குக் காரணம் யாது? அடுத்தடுத்து வரும் எழுத்துகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாதபடி அவற்றைப் பிரித்து வைத்தார் என்பது பலரும் கூறும் விளக்கம். ஆயின், ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் ஈ, ஆர் என்னும் இரண்டு எழுத்துகளும் அப்பலகையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகையால் இவ்விளக்கம் முழுவதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. தந்தி அலுவலர்களின் தேவையே அவ்வரிசையை உருவாக்கியது என்று ஜப்பானிய ஆய்வாளர் சிலர் வாதிக்கின்றனர். வாதம் எவ்வாறாயினும் ஒன்று உறுதி. பத்து விரல்களையும் பயன்படுத்தி, விசையைப் பாராமலே விரைந்து தட்டும் கலை அப்போது வழக்கத்திற்கு வரவில்லை. பத்து விரல்களுக்கும் வேலையைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்தப் பலகை அமைக்கப்படவில்லை.

இதன் விளைவை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். தட்டச்சுப் பயில்வோர் தம் விரல்களை நடு வரிசையில் ஊன்றி வைக்கின்றனர். அதுவே விரல்களின் வீடு. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஈ, டீ என்னும் எழுத்துகள் அந்த வீட்டில் இல்லை. மேல் வரிசையில் இருக்கின்றன. ஐந்து உயிரெழுத்துகளுள் ஏ ஒன்றே நடு வரிசையில் உள்ளது. அதுவும் வலிமை குறைந்த இடக்கைச் சுண்டுவிரலின் கீழ் உள்ளது. பெரும்பான்மை மக்களுக்கு வலக்கையே பழக்கமான கை. வேலையிலோ பாதிக்கு மேல் இடக்கையின்மேல் விழுகிறது.

இக்குறைகளைக் கண்டு மனம் பொறாதவர் ஆகஸ்ட் டுவோராக். இவர் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். தம் மைத்துனர் வில்லியம் டீலியுடன் சேர்ந்து, எந்த எழுத்து எத்துணை முறை வருகிறது, எந்த எழுத்தின் பின் எது வருகிறது என்று கணக்கிட்டு, புதியதோர் அமைப்பை வகுத்து, 1936ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கையின் நடு வரிசையில். அடிக்கடி வரும் மெய்யெழுத்துகள் வலக்கையின் நடு வரிசையில். ஒரு கை தட்டும்போது மறு கை அடுத்த எழுத்துக்கு ஆயத்தமாகும். உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்களாயின் இதன் சிறப்பு எளிதில் விளங்கும்.

இத்துணைச் சிறப்பிருந்தும் உலகம் அதனை ஏற்கவில்லை. அமெரிக்கக் கடற்படையில் 1944ஆம் ஆண்டில் நடந்த ஆய்வு ஒன்று புதிய அமைப்பை மிகவும் புகழ்ந்தது. ஆனால் டுவோராக் அக்காலத்தில் அதே கடற்படையில் பணியாற்றியவர். 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகத்திற்காக ஏர்ல் ஸ்ட்ராங் என்பவர் ஆய்வு செய்து, பழைய அமைப்பிலேயே கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் புதியதைக் கற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை என்று முடிவு கூறினார். அவர் முன்கூட்டியே கொண்ட கருத்தோடு ஆய்ந்தார் என்று டுவோராக்கின் கட்சியினர் குறை கூறினர். பொருளியல் அறிஞர்களும் இதில் நுழைந்தனர். ஒருமுறை வேரூன்றிவிட்ட பழக்கம், சிறந்தது வந்தாலும் அசையாது என்பதற்கு இப்பலகையை எடுத்துக்காட்டாக்கி 1985ஆம் ஆண்டில் பால் டேவிட் எழுதினார். பழையது அத்துணை மோசம் என்பதற்குச் சான்றே போதாது என்று 1990ஆம் ஆண்டில் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்னும் இருவர் மறுத்தனர். மாணவர்களே, ஒரு பொருளைப் பற்றி வியப்பான எண்களை எவரேனும் கூறினால், அளந்தவர் யார், அளவில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். இவ்வரலாறு நமக்குத் தரும் முதற்பாடம் அது.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழ் எழுத்துகள் 247. அத்தனைக்கும் தனித்தனி விசை வைப்பது இயலாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூருக்குச் சென்று பணியாற்றிய இரா. முத்தையா இச்சிக்கலோடு பல்லாண்டு போராடித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். அவரைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றுகிறோம். அந்த வகைப் பொறியில் நான் 1982ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, பயின்றேன். 'கொ' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்துக் ககரம், அதன் பின் கால் என்று மூன்று விசைகளைத் தட்டுவோம். தாளில் இடமிருந்து வலமாக எது முன்னே நிற்கிறதோ அதுவே முன்னே அடிக்கப்படும். இரும்புக் கம்பியும் மைநாடாவும் கொண்ட பொறிக்கு வேறு வழி இல்லை. வாய் ககரத்தை முதலில் ஒலிக்கும். கை கொம்பை முதலில் தேடும். வாய்க்கும் கைக்கும் இருந்த இப்பிணக்கை அக்காலத் தட்டச்சாளர் பயிற்சியினாலேயே வென்றனர்.

கணினி வந்தபோது இப்பிணக்கைத் தீர்க்க வழி பிறந்தது. முன்னே அடித்ததைப் பின்னே அடித்ததோடு சேர்த்துப் பார்த்து, உரிய வடிவத்தைக் காட்டும் ஆற்றல் கணினிக்கு உண்டு. ஆயினும் தொடக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பலகையைக் கொண்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் கற்ற கை மற்றோர் அலுவலகத்தில் ஊமையாகிவிடும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. அங்கு எழுந்த கருத்துகளின் அடிப்படையில் வகுக்கப்பட்ட பொது அமைப்பைத் தமிழ்நாட்டரசு அவ்வாண்டிலேயே ஏற்று அறிவித்தது. 'தமிழ் 99' என்பது அதன் பெயர்.

அதன் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கையின் பொறுப்பு. அ, இ, உ என்னும் குறில்கள் நடு வரிசையில் இருக்க, அவற்றின் நெடில்கள் ஆ, ஈ, ஊ நேர் மேலே இருக்கின்றன. எகரத்தின் மேலே ஏகாரம் உள்ளது. குறிலின் இடம் தெரிந்தால் இந்நெடில்களின் இடம் தானே தெரியும். புள்ளி, இடக்கைச் சுட்டுவிரலின் வீட்டிலேயே உள்ளது. மெய்கள் பதினெட்டனுள் பதினாறு வலக்கைக்கு உரியவை. வகரமும் ஙகரமும் மட்டும் இடக்கைச் சுட்டுவிரலின் கீழ் வரிசையில் வந்து அமர்ந்தன. மிகுதியாக வழங்கும் க, ப, ம, த ஆகியவை வலக்கையின் நடு வரிசையில் விரலுக்கு அருகிலேயே உள்ளன. உயிர் ஒரு கையில், மெய் ஒரு கையில் என்னும் இக்கொள்கை டுவோராக் ஆங்கிலத்திற்கு வகுத்த கொள்கையை ஒத்திருக்கிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அஃது இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று நீங்கள் தொடக்கப் பள்ளியிலேயே படித்தீர்கள் அல்லவா? இங்கே வலக்கை மெய்யைத் தருகிறது. இடக்கை உயிரைத் தருகிறது. திரையில் உயிர்மெய் பிறக்கிறது.

இன்னும் ஒரு நயம் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகளில் 'அம்மா' என்ற சொல் கிடைத்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. ங க, ஞ ச, ண ட, ந த, ம ப, ன ற என்று இலக்கண வகுப்பில் இனவெழுத்துகளை மனப்பாடம் செய்தோம். அவ்விலக்கணம் இங்கே விரலுக்குத் துணை நிற்கிறது. த, ம, ப, இ என்று தட்டினால் 'தம்பி' வந்து நிற்பான். புள்ளிக்கென்று தனித் தட்டு வேண்டுவதில்லை. புள்ளி விழக் கூடாத இடத்தில், இடையே அகர விசையை ஒருமுறை தட்டிவிட்டால் போதும். 'நதி' என்று எழுத ந, அ, த, இ என்று தட்ட வேண்டும். மொழியில் மிகுதியாக வருவதற்கு வழியை எளிதாக்கி, அருகி வருவதற்கு ஒரு தட்டினைக் கூட்டிய இம்முறையில் நல்ல கணக்கு இருக்கிறது.

இளைஞர்களில் பலர் ஆங்கில எழுத்துகளால் ஒலியைக் குறித்துத் தமிழாக மாற்றிக்கொள்கின்றனர் என்பதை அறிவேன். அவசரத்திற்கு அது உதவும். ஆயினும் ல, ள, ழ என்னும் மூன்றுக்கும், ந, ன, ண என்னும் மூன்றுக்கும் வேறு வேறு ஆங்கில எழுத்துகள் இல்லாமையால், பெரிய எழுத்தைக் கொண்டோ மென்பொருளின் ஊகத்தைக் கொண்டோ அவற்றைப் பிரிக்க வேண்டியுள்ளது. தன் மொழியின் எழுத்தைப் பிற மொழி எழுத்தின் வாயிலாகவே நினைத்துப் பழகும் மாணவனுக்கு, எந்தச் சொல்லில் எந்த லகரம் என்னும் தெளிவு மெல்ல மங்குகிறது. விடைத்தாள்களை முப்பத்தைந்து ஆண்டு திருத்தியவனாகையால் இதனை அழுத்தமாகவே சொல்கிறேன்.

இதுவரை எழுத்துகளின் இடத்தைப் பற்றிப் பேசினோம். அடுத்து, அடுக்குகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே விசை வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு எழுத்தைத் தருவதே அடுக்கு. ஷிப்ட் விசையே நாம் அனைவரும் அறிந்த முதல் அடுக்கு. 1878ஆம் ஆண்டில் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் எண் பொறியில் அது வந்தது. அக்காலத்தில் அதற்கு எதிர்ப்பும் இருந்தது. சிறிய எழுத்துக்கு ஒன்று, பெரிய எழுத்துக்கு ஒன்று எனத் தனித்தனி விசைகளைக் கொண்ட காலிகிராப் என்னும் பொறியையே பலர் விரும்பினர். 1888ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. காலிகிராப் பொறியில் லூயிஸ் டிராப். ஷிப்ட் விசை கொண்ட ரெமிங்டன் பொறியில் பிராங்க் மெக்கரின். விசைகளைப் பாராமல் தட்டப் பழகியிருந்த மெக்கரின் எளிதில் வென்றார். விசைகள் பெருகினால் கை அலையும். விசைகள் குறைந்து அடுக்குகள் ஒழுங்காக அமைந்தால் விரல் வீட்டைவிட்டு வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. இவ்வுண்மை உலகிற்கு அன்று வெளிப்பட்டது.

தமிழ் 99 அமைப்பிலும் அடுக்கு உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகள் ஷிப்ட் அடுக்கில் உள்ளன. புள்ளி விசையின் மேல் அடுக்கில் ஆய்தம் இருக்கிறது. அடிக்கடி வேண்டுவது தரைத்தளத்தில்; எப்போதேனும் வேண்டுவது மாடியில். வீட்டில் அரிசிப் பானையைக் கைக்கெட்டும் இடத்திலும் திருவிழாப் பாத்திரங்களைப் பரண்மேலும் வைப்பதற்கு யாரும் பாடநூல் படிப்பதில்லை. அதே அறிவுதான் இங்கும் வேண்டும்.

இன்று இந்த அடுக்குகளை நாமே அமைத்துக்கொள்ள முடியும். நம் கையில் மிகுந்த வலிமை உடையது பெருவிரல். வழக்கமான பலகையில் இரண்டு பெருவிரல்களுக்கும் சேர்த்து இடைவெளிப் பட்டை ஒன்றே வேலையாக உள்ளது. வலிமை குறைந்த சுண்டுவிரல்களுக்கோ ஷிப்ட், கண்ட்ரோல், என்டர், அழிக்கும் விசை என்று சுமைமேல் சுமை. கேப்ஸ் லாக் என்னும் விசை மிக அருமையாகவே பயன்படுகிறது. ஆனால் அது இடக்கைச் சுண்டுவிரலின் வீட்டுக்கு அடுத்த வாசலில் அகலமாக அமர்ந்திருக்கிறது. அதனை அழிக்கும் விசையாகவோ கண்ட்ரோல் விசையாகவோ மாற்றிக்கொள்வதே பலர் செய்யும் முதல் மாற்றம். ஷாய் கோல்மன் என்பவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கோல்மாக் என்னும் ஆங்கில அமைப்பு கேப்ஸ் லாக்கை அழிக்கும் விசையாக்கியது. பழைய அமைப்பில் 17 விசைகளை மட்டுமே அவர் இடம் மாற்றினார். வெட்டவும் ஒட்டவும் பயன்படும் கீழ் வரிசை விசைகளை அவர் தொடவில்லை. பழகிய கையின்மேல் அவர் காட்டிய இந்த இரக்கம் பாராட்டத் தக்கது.

அடுத்த படி, தனி அடுக்கு ஒன்றை அமைப்பது. பெருவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, வலக்கையின் எழுத்து விசைகள் அம்புக்குறிகளாகவோ எண்களாகவோ மாறும். விட்டவுடன் மீண்டும் எழுத்துகளாகிவிடும். திருத்தம் செய்யும்போது கையைத் தூக்கி ஓரத்துக்கு ஓட வேண்டியதில்லை. தட்டினால் ஒன்று, பிடித்தால் மற்றொன்று என்று ஒரே விசைக்கு இரண்டு பணிகளைத் தரவும் முடியும். தட்டலுக்கும் பிடித்தலுக்கும் எல்லை யாது? கியூ எம் கே என்னும் கட்டற்ற மென்பொருள், வேறு ஆணை தராதவரை, அந்த எல்லையை 200 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, என்று கொள்கிறது. மெதுவாகத் தட்டுபவருக்கு இந்நேரம் போதாமல் தவறான எழுத்து விழலாம். அவர் அதனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். விசைக்கு எழுத்தை மட்டுமன்றிக் காலத்தையும் நம் விரலுக்கேற்ப அளந்து வைக்கலாம்.

இவை யாவும் நேரம் போக்குவோரின் விளையாட்டு என்று நினைப்பவர் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி சேர்ந்தாள். பிறவியிலேயே அவளுடைய வலக்கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இடக்கையால் எழுதுவாள், விரைவு போதாது. தேர்வுகளில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை விதிப்படி அமர்த்துவோம். நல்ல மதிப்பெண் பெறுவாள். ஆயினும் அவள் முகத்தில் நிறைவு இராது.

அவளுடைய அண்ணன் பொறியியல் மாணவன். கனடா நாட்டைச் சேர்ந்த எட்கர் மடாயஸ் என்பவர் தம் கூட்டாளிகளோடு 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒற்றைக்கைத் தட்டச்சு முறையைப் பற்றி அவன் அறிந்திருந்தான். அம்முறையில், இடைவெளிப் பட்டையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தால், பலகையின் மறு பாதி கண்ணாடியில் தெரிவதுபோல இப்பாதியின்மேல் வந்து விழும். வலக்கைச் சுட்டுவிரலின் எழுத்து இடக்கைச் சுட்டுவிரலுக்கு வரும். நடுவிரலின் எழுத்து நடுவிரலுக்கு வரும். அவன் நிரல் எழுதத்தக்க பலகை ஒன்றை வாங்கி, தமிழ் 99 அமைப்புக்கு இந்த அடுக்கைச் செய்தான். இடப்பக்கத்தில் ஈடில்லாத ச, ஞ, ய என்னும் மூன்று எழுத்துகளை மட்டும் கேப்ஸ் லாக் முதலிய ஓரத்து விசைகளில் குடியேற்றினான்.

இதில் ஓர் இனிய பொருத்தம் நேர்ந்தது. தமிழ் 99 அமைப்பில் பெரும்பாலான மெய்கள் வலப்பாதியில், உயிர்கள் இடப்பாதியில் அல்லவா? ஆகவே அம்மாணவிக்குப் பெருவிரலைப் பிடித்தால் மெய், விட்டால் உயிர் என்று ஆயிற்று. 'தம்பி' என்று எழுத, பெருவிரலைப் பிடித்தபடி மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல்; விட்டுவிட்டு மீண்டும் மோதிரவிரல். அவ்வளவே. வகரத்துக்கும் ஙகரத்துக்கும் மட்டும் பிடிக்க வேண்டுவதில்லை. முதல் இரண்டு வாரம் மிகவும் இடர்ப்பட்டாள். அரையாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது, பள்ளி ஆண்டு மலருக்கென்று தன் ஊர் ஏரியைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைத் தானே தட்டி எடுத்து வந்தாள். வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் பிழை குறித்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் உள்ள பிழைகூட என்னுடையதுதான்" என்றாள். பிறர் கையால் எழுதுவித்த விடைத்தாளில் எது தன் பிழை, எது எழுதியவர் பிழை என்று தெரியாமல் இருந்தவள் அவள். தன் சொல்லும் தன் பிழையும் தன்னுடையவையாக இருப்பது எத்துணைப் பெரிய உரிமை என்பதை அன்று நான் உணர்ந்தேன்.

செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்பது நம்முடைய பழமொழி. கையைப் பலகைக்கேற்ப வளைத்தே தீர வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. ஆயினும் மாற்றும் உரிமை உடையவன் மாற்றும் முறையையும் அறிந்திருக்க வேண்டும். ஆசிரியன் என்ற முறையில் சில சொல்வேன்.

முதலில் அளவிடுங்கள். ஒரே பத்தியை நாளுக்கு ஐந்து நிமிடமாக ஒரு வாரம் தட்டுங்கள். ஐந்து தட்டுகளை ஒரு சொல்லாகக் கொள்வது ஆங்கிலத் தட்டச்சில் நெடுநாள் வழக்கம். அக்கணக்கில் விரைவைக் குறியுங்கள். அதனோடு எந்த விசையில் விரல் தடுமாறுகிறது, எதற்காகக் கை வீட்டைவிட்டு எழுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடே உங்களுக்கு வழிகாட்டி. பிறர் அமைத்ததை அப்படியே படியெடுத்தால், அவருடைய கையின் குறையை நீங்கள் சுமப்பீர்கள்.

இரண்டாவது, ஒருமுறைக்கு ஒரு மாற்றம். ஒரே நாளில் பலகை முழுவதையும் கலைத்துப் போட்டால், எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் விதியும் இதுவே. மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசமாக அளிக்கும் பவர்டாய்ஸ் போன்ற கருவிகளைக் கொண்டு ஒரு விசையை மாற்றவும், வேண்டாதபோது மீட்கவும் முடியும். புதிய பலகை வாங்கிய பின்பே தொடங்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, காலம் அறிந்து செய்யுங்கள். புதிய அமைப்பைக் கற்கும் தொடக்கத்தில் விரைவு கட்டாயம் குறையும். தேர்வுத் திங்களில் அதனைத் தொடங்காதீர்கள். நாள்தோறும் கால் மணி நேரம், விசையைப் பாராமல், மெதுவாகப் பிழையின்றித் தட்டுங்கள். விரைவு தானே பின்தொடரும். மணிக்கட்டு வலித்தால் ஓய்வு கொடுங்கள். எந்த அமைப்பும் ஓய்வுக்கு ஈடாகாது.

நான்காவது, பொது வழக்கை மறவாதீர்கள். நூலகத்திலும் அலுவலகத்திலும் தேர்வுக் கூடத்திலும் பொதுப் பலகையே இருக்கும். வீட்டில் தன் பேச்சும் அவையில் பொதுப் பேச்சும் பழகியவனைப் போல, இரண்டிலும் கை பழகியிருக்க வேண்டும். எழுத்துகளின் இருப்பிடத்தில் பொது அமைப்பை ஏற்றுக்கொண்டு, அடுக்குகளில் மட்டும் தன் விருப்பத்தைச் செய்துகொள்வது பெரும்பாலோர்க்கு நல்ல வழி. தமிழுக்குத் தமிழ் 99 என்னும் பொது அமைப்பு இருக்கிறது. முதலில் அதனைக் கற்றுக்கொண்டு, பின் அதன்மேல் உங்கள் மாடியைக் கட்டுங்கள்.

ஐந்தாவதாக, நிறுத்தவும் அறிந்திருங்கள். அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருப்பவன் அறுவடை செய்வதில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்து, பலகையைத் திருத்துவதிலேயே மாலைப் பொழுதைக் கழிக்கும் மாணவரையும் நான் கண்டதுண்டு. தடுமாற்றம் தீர்ந்துவிட்டால் கருவியை மறந்துவிட வேண்டும். விசை எங்கே என்ற நினைவே இல்லாமல், சொல் எது என்ற நினைவு மட்டும் எஞ்சும் நிலையே நல்ல தட்டச்சாளனின் நிலை.

இன்று இரவு கணினியின் முன் அமரும்போது, ஒரு நிமிடம் உங்கள் பத்து விரல்களையும் நடு வரிசையில் ஊன்றி வையுங்கள். எது சுமக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பாருங்கள். 'அது அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடாமல், 'ஏன் அப்படி?' என்று ஒருமுறை கேளுங்கள். அந்த வினாவுக்கு விடை தேடப் பழகிய கை, நாளை இதைவிடப் பெரிய பொருள்களையும் திருத்தும்.